ஐ5-ஆ, ஐ7-ஆ என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ஈரோட்டில் சொந்தமாகக் கணக்கு அலுவலகம் திறந்திருக்கிறாய் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. வாடகை, பலகை, முதல் வாடிக்கையாளர் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: "ஐயா, லேப்டாப் ஐ5 போதுமா, ஐ7 வாங்கட்டுமா?"

இந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக்கப்போகிறது. தொழிலுக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். கடைக்காரரும் அதற்கான பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். ஐ7 என்ற ஒட்டுத்தாளுக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கீபோர்டையும் திரையையும் பார்க்கிறார்கள்.

அந்த ஒட்டுத்தாள் சொல்வதாவது உண்மையா? இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையை எடுத்துக்கொள். ஐ7-1255யூ சிப்பில் 10 கோர். ஐ5-1240பி சிப்பில் 12 கோர். முன்னது 15 வாட்டுக்கு வடிவமைத்தது, பின்னது 28 வாட்டுக்கு. குளிரூட்டும் விசிறி ஒழுங்காக இருக்கும் மெஷினில் கனமான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால், பெயரில் சின்னதான ஐ5 முந்திவிடும். ஏஎம்டி பக்கம் போனால் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் புத்தம்புதிய 7000 வரிசை என்று தோன்றும். உள்ளே இருப்பதோ 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அதே 7000 வரிசையில் 7730யூ-வில் ஜென் 3, 7840யூ-வில் ஜென் 4. மூன்றாவது இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் வித்தியாசம் புரியும். முதல் இலக்கத்தை வைத்து விலை சொல்கிறவரிடம் ஏமாறாதே.

உன் வேலை என்ன? டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், நாற்பது ஐம்பது பிடிஎஃப். இன்று விற்கும் நடுத்தரச் சிப் எதுவும் இதைச் சிரமமில்லாமல் செய்யும். ஆகவே சிப்பை ஒதுக்கி வை.

இனி முக்கியமான விஷயம். லேப்டாப்பின் உறுப்புகளை இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள். வாங்கிய பிறகு மாற்றக்கூடியவை ஒரு பக்கம், மாற்ற முடியாதவை அல்லது மாற்றினால் கட்டுப்படியாகாதவை மறுபக்கம். எஸ்எஸ்டி முதல் பட்டியல். திரை, கீபோர்டின் அமைப்பு, போர்ட்டுகள், போர்டிலேயே பற்றவைத்த ராம் ஆகியவை இரண்டாவது பட்டியல். பணத்தை இரண்டாவது பட்டியலில் போடு. முதல் பட்டியலில் இருப்பதைக் குறைந்த அளவில் வாங்கிக்கொள். தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

எது எந்தப் பட்டியல் என்பதைக் கடைக்காரரின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லெனோவோ, ஹெச்பி, டெல் மூன்று நிறுவனங்களும் தங்கள் தொழில்முறை மாடல்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது, ராம் செருகி எத்தனை, பேட்டரி எப்படி வெளியே வரும் என்று படத்தோடு இருக்கும். எனக்கு அந்தக் கையேடுகளைக் கதைப் புத்தகம் போல வாசிக்கும் பழக்கம் உண்டு. விளம்பரத்தில் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி நீயும் வாசி.

இப்போது கீபோர்டு. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உறுப்பு கிடையாது. யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

அரிமாசா நைட்டோ என்ற ஜப்பானியப் பொறியாளர், திங்க்பேட் லேப்டாப்புகளின் தந்தை என்று பெயர் பெற்றவர், 2017-இல் அந்த லேப்டாப்புகளின் கதையைப் புத்தகமாக எழுதினார். திங்க்பேடை உருவாக்கிய ஐபிஎம் நிறுவனத்தில் ஊழியர்களுக்கு மேலட்டையில் 'திங்க்' என்று பொறித்த சின்னக் குறிப்பேடு கொடுப்பார்கள். திங்க்பேட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1992 அக்டோபரில் 700சி மாடல் வெளிவந்தது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் அதற்குக் கன்னங்கரிய பெட்டி வடிவம் கொடுத்தார். மூடியிருக்கையில் எளிமையாகவும் திறந்தால் உள்ளே அடுக்காகவும் இருக்கும் ஜப்பானிய உணவுப் பெட்டியே அவருக்கு முன்மாதிரி. மூன்று ஆண்டு கழித்து 1995-இல் வந்த 701சி இன்னும் விசேஷம். பெட்டி சிறியது, கீபோர்டு பெரியது. மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக இருக்கும் கீபோர்டு நகர்ந்து ஒன்றுசேர்ந்து பெட்டியின் இரண்டு ஓரத்தையும் தாண்டி விரியும். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளரின் கைவேலை அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அந்த மெஷின் இருக்கிறது. விரல்களுக்கு முழு அளவு கீபோர்டு வேண்டும் என்பதற்காக ஒரு நிறுவனம் இத்தனை பாடுபட்ட காலம் இருந்தது, தம்பி.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் வேண்டும். ஆப்பிள் 2015-இல் தன் 12 அங்குல மேக்புக்கில் மிக மெல்லிய புதுவகைக் கீபோர்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மேக்புக் ப்ரோவிலும் போட்டது. தூசி புகுந்தாலே எழுத்து சிக்கிக்கொள்கிறது, ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது என்று புகார்கள் குவிந்தன. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் பழைய வகைக் கத்தரிக்கோல் அமைப்புக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2022-இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த மேக்புக் ப்ரோவில் கீபோர்டைத் தனியாகக் கழற்ற முடியாது. பேட்டரி ஒட்டியிருக்கும் மேல்தட்டையே மொத்தமாக மாற்ற வேண்டும். திங்க்பேட் டி வரிசையில் பல மாடல்களுக்கு அடிப்பக்கத்துத் திருகுகளைத் தளர்த்தினால் கீபோர்டு மட்டும் தனியே வந்துவிடும். கொட்டிய தண்ணீர் வடிய அடியில் துளையும் வைத்திருக்கிறார்கள். தேநீர் டம்ளர் மேசையை விட்டு இறங்காத அலுவலகத்துக்கு எது பொருந்தும் என்று நீயே சொல்.

உன் வேலைக்கு நம்பர் பேட் தேவையா என்று பார்ப்போம். ஒரு ஜிஎஸ்டி எண்ணை அடித்துப் பார். முதலில் 33, தமிழ்நாட்டின் எண். அடுத்து பான்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. பிறகு ஓர் இலக்கம், அதன்பின் இசட், கடைசியில் சரிபார்ப்புக் குறி. 15 இடத்துக்குள் கை எண்ணுக்கும் எழுத்துக்கும் மாறி மாறி ஓடுகிறது. அதன் கீழே பில் எண், தேதி, மதிப்பு, வரி என்று வரிசையாக எண்கள்தான். மேல்வரிசை எண்களில் இதை அடிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். நம்பர் பேடில் பழகியவர் பில்லிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். திங்க்பேட் இ16, ஹெச்பி ப்ரோபுக் 450 போன்ற பெரிய மாடல்களில் நம்பர் பேட் உண்டு. 14 அங்குல மாடல்களில் பெரும்பாலும் இல்லை; மேக்புக் எதிலும் இல்லை. வாடிக்கையாளர் கடைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறவன் என்றால் 14 அங்குலம் வாங்கி, மேசைக்குத் தனி நம்பர் பேட் ஒன்று வைத்துக்கொள். மேசையை விட்டு நகராதவனுக்கு 16 அங்குலமே சரி.

கடையில் லேப்டாப் பார்க்கும்போது நோட்பேடைத் திறந்து உன் சொந்த பில் ஒன்றை முழுதாக அடித்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போ.

அடுத்து போர்ட்டுகள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பெரும்பாலும் பழைய யுஎஸ்பி-ஏ துளையில்தான் செருகும். மவுஸுக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்காது என்றாலும் யுஎஸ்பி-ஏ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒல்லியான மாடல்களில் இரண்டு யுஎஸ்பி-சி மட்டும் வைத்து முடித்துவிடுகிறார்கள். மாத 20-ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி தாக்கல் அவசரத்தில் அடாப்டரைத் தேடி அலையும் நிலை உனக்கு வரக் கூடாது. ஆள் சேர்ந்து, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டேலி கோல்டு போட்டால் அலுவலக நெட்வொர்க் வரும். அதற்கு லேன் போர்ட் உள்ள மாடலாகப் பார். யுஎஸ்பி-சி எல்லாம் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வை. சிலவற்றில் சார்ஜ் ஏறும், மானிட்டர் ஓடும்; சிலவற்றில் டேட்டா மட்டும் போகும்.

ராம் 16 ஜிபி. இதில் பேரம் வேண்டாம். 8 ஜிபி பற்றவைத்து, காலிச் செருகியும் இல்லாத மாடல் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதே. 2024-இல் வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு செருகி வைத்தார்கள். ஐஃபிக்ஸிட் குழு பழுதுபார்க்கும் வசதிக்கு அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. அப்படிப்பட்ட மாடலில் ஒரே 16 ஜிபி கார்டாகப் போட்டு வாங்கினால் மற்றச் செருகி பின்னால் பயன்படும். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும்.

திரைக்கு மூன்று விஷயம்: 16:10 அளவு, மேட் பூச்சு, குறைந்தது 300 நிட்ஸ் ஒளி. 1920-க்கு 1200 புள்ளி உள்ள திரையில் எக்செல் வரிகள் கூடுதலாகத் தெரியும். விவரப்பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். கணக்குக்கு அது பரவாயில்லை, துணிச் சாம்பிள் பார்க்கும் ஏற்றுமதியாளருக்கு ஆகாது.

விண்டோஸ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ப்ரோ பதிப்பு வாங்கு. வேறு இடத்திலிருந்து உன் மெஷினுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழையும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் முழுக் கட்டுப்பாடும் இல்லை. உன் லேப்டாப்பில் இருக்கப்போவது ஊராரின் பான் எண், வங்கிக் கணக்கு, வருமானம். பேருந்தில் பை தொலைந்தால் அதையெல்லாம் யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைப்பது உன் கடமை. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு பீரோவில் வை. லேப்டாப் பையில் வைக்காதே. பழைய மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே போகாதே. அதற்கு முந்தைய சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 ஆதரவு தருவதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கடையிலேயே திறந்து பார்.

வாரன்டி மூன்று ஆண்டு, ஆன்சைட். ஐ7-க்குக் கொடுக்க நினைத்த பணத்தை இங்கே கொடு. டெல்லுக்கு 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது, லெனோவோவுக்குப் புதுச்சேரியில் இருக்கிறது. அதனால் உன் வாசலுக்கு ஆள் வந்துவிடுவார் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் பின்கோடுக்கு ஆன்சைட் சேவை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மெஷினுக்கு மூன்று ஆண்டு என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டுதான். நாள் முழுக்க சார்ஜரிலேயே ஓடும் பேட்டரி 100 சதவீதத்திலேயே நின்று ஈரோட்டு வெயிலில் சீக்கிரம் தளரும். முதல் நாளே சார்ஜ் வரம்பை 80 சதவீதத்துக்கு அமைத்துவிடு. லெனோவோ, ஹெச்பி, டெல் மூன்றும் அந்த வசதியைத் தருகின்றன.

தேய்மானம், உள்ளீட்டு வரி வரவு பற்றியெல்லாம் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டு கடையில் கொட்டேஷன் வாங்கு. மாடலின் முழு எண், ராம் செருகிகள், யுஎஸ்பி-ஏ எத்தனை, விண்டோஸ் எந்தப் பதிப்பு, வாரன்டி எந்த வகை என்று ஐந்தும் தாளில் இருக்க வேண்டும். எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பார். கடையில் கிடந்த நாளையும் சேர்த்துக் கழித்திருந்தால், பில்லைக் காட்டி வாங்கிய தேதிக்கு மாற்றச் சொல்லலாம். அந்த பில்லில் உன் ஜிஎஸ்டி எண்ணும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்