குதிரைத்திறன் போதும், கையைக் காட்டு

தம்பி,

ரோல்ஸ் ராய்ஸின் மின்சாரக் கார் ஸ்பெக்டரை அறிமுகம் செய்து நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். மோட்டார், பேட்டரி விவரமெல்லாம் உனக்கு அத்துப்படி. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சல் வேறு இடத்தில். 900 நியூட்டன் மீட்டர் டார்க், 4.5 விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று முதல் பத்தி முழுக்க எண்கள். அதன்பிறகு ‘கையால் உருவான கார்’ என்று ஐந்து இடத்தில் எழுதுகிறாய். யாருடைய கை, எதைச் செய்தது என்று ஓரிடத்திலாவது சொல்ல வேண்டாமா?

வாசகர்கள் எண்களைத்தான் கேட்கிறார்கள் என்பாய். கேட்கட்டும், ஓரமாக ஓர் அட்டவணை போடு. ஆனால் அந்த எண் எதையும் விளக்கவில்லை. 2024 ஜனவரியில் ஸ்பெக்டர் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை ஏழரைக் கோடி ரூபாய். இரண்டே மாதத்தில் வந்த பி.ஒய்.டி. சீல் மின்சாரக் காரின் உயர்வகை அப்போது 53 லட்சம் ரூபாய், அது 3.8 விநாடியிலேயே 100ஐத் தொட்டுவிடுகிறது. வேகம்தான் பெருமை என்றால் ஸ்பெக்டர் வாங்குபவர் ஏமாளி. அவர் ஏமாளி இல்லை. ஏறக்குறைய மூன்று டன் எடை நகர்வது பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அந்த டார்க் அதற்குத்தான். குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டால் ‘போதுமான அளவு’ என்று மட்டும் பதில் சொல்லி நெடுங்காலம் ஓட்டிய கம்பெனி அது. விற்பவனே அடக்கி வாசித்ததை நீ ஏன் முரசறைகிறாய்?

மிச்சக் கோடிகளுக்குக் கணக்கு கையில் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்திருப்பாய். அதைப் பல ஆண்டுகள் மார்க் கோர்ட் என்ற ஒரே ஆள் அணில்முடித் தூரிகையால் வரைந்துவந்தார். அதற்குமுன் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். கை பிசகினால் பளபளக்கும் பெயின்ட் மேல் அது அப்படியே தெரியும். கம்பெனிகள் இதையெல்லாம் வெளியே சொல்லாது என்று நழுவாதே. ஜெர்மனியின் அஃபால்டர்பாக்கில் மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி. என்ஜினை முழுவதும் பூட்டியவரின் கையெழுத்து, அந்த என்ஜின் மேலேயே தகடாக இருக்கிறது. கேட்கிறவன் கேட்டால் கிடைக்கும்.

கையைவிட இயந்திரம் துல்லியமானதாயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. நியாயமானதுதான். காரில் கைக்கு வேலையே இல்லாத பாகங்கள் உண்டு. கையால் செய்தாலே உசத்தி என்றால், நம் கொல்கத்தா மல்லிக் பஜாரில் நசுங்கிய மட்கார்டை டிங்கரிங் செய்கிறவர் வேலையும் சொகுசுப் பட்டியலில் சேர வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், எது இயந்திரம், எது கை, ஏன் அங்கே கை என்று பிரித்து எழுது. பிரிக்காமல் எழுதினால் அது விளம்பரத் தாள்.

இதைக் கொல்கத்தாவிலிருந்து எழுதுகிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகாராஜாக்கள் வெறும் சேஸிஸை வாங்கி, மேல்கூட்டைத் தனியே கட்டச் சொன்ன காலத்தில் ஸ்டூவர்ட் கம்பெனி வண்டி கட்டிய ஊர் இது. 1910இல் இங்கே வசித்த ராபர்ட் மேத்யூசன், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்யச் சொன்னார். மரத்தில் செதுக்கிய உடம்பு, தங்க ரேக்கில் தாமரை. கூட்டத்தை விலக்க அலகிலிருந்து நீராவி சீறும். சக்கரத்தில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கப் பிரஷ். வாலடியில் ஒரு வால்வு. திறந்தால் பறவை எச்சம் போலச் சுண்ணாம்பு நீர் கொட்டும்! தெருவே அமளிதுமளியாகி, போலீஸ் தடை போட்டது. பிறகு அந்தக் கார் நாபா மகாராஜாவிடம் போய், இப்போது ஹாலந்தில் லௌமன் மியூசியத்தில் நிற்கிறது. அந்த அன்னத்தின் குதிரைத்திறனை யார் விசாரிக்கிறார்கள்? 1968 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழங்கார் அணிவகுப்புக்கு இந்த நகரம் திரள்வதும் எண்ணைப் பார்க்க அல்ல.

நான்காம் பத்தியில் ஸ்டியரிங் தோலின் தையலை ஊசி ஊசியாகப் பார்த்து மூன்று வரி எழுதியிருக்கிறாய். அபாரம், அப்படி எழுத இங்கே வேறு ஆள் இல்லை. அடுத்த கட்டுரையை அங்கிருந்தே தொடங்கு. தைத்தவர் பெயரைக் கம்பெனிக்கு எழுதிக் கேள். தர மறுத்தால், மறுத்ததையும் அச்சில் போடு.