புதியோர்க்கேற்ற லினக்ஸ்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் வெளியிட்ட லினக்ஸ் கருவோடு, வேண்டும் மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளை வழங்கல்கள் என்பர். அவை பலவாதலின் புதியோர் மயங்குதல் இயல்பே. திரையின் எழில் நோக்கித் தேர்வார் பலர். யாமோ, அஃது எத்துணைக் காலம் புதுப்பிக்கப்படும் என்பதையே முதற்கண் நோக்குக என்போம்.

உபுண்டு 23.10 என்னும் பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது (எண்ணே ஆண்டும் திங்களும் கூறும்). அதற்குரிய ஆதரவு 2024 ஜூலையிலேயே முடிந்தது. அடுத்து வந்த 24.04-ஓ நீண்டகால ஆதரவுடையது, ஐந்தாண்டு காக்கப்பெறுவது. அதன்மேல் அமைந்ததே லினக்ஸ் மின்ட் 22. விண்டோஸிற் பழகிய கைக்கு அது அயலாகத் தோன்றாது. தொடங்குவோர்க்கு அதுவே சாலும். ஆர்ச் போல்வன இடையறாது புதுமை பெறுவன. பழுதைத் தாமே திருத்த வல்லார்க்கே அவை ஏற்றவை.

பழுது நேருமென்று அஞ்சிப் புதுப்பித்தலையே தவிர்ப்பாரும் உளர். பாதுகாப்புக் குறைகளை அடைப்பதும் அதுவேயாதலின் அவ்வச்சம் தகாது. முன்னதாக, மின்டிலுள்ள டைம்ஷிப்ட் என்னும் கருவியால் கணினியின் நிலையைப் பதிந்துகொள்க. பின்னர்த் தடுமாற்றம் நேரின் பழைய நிலைக்கு மீளலாம். ஆயின், அக்கருவி இயல்பாகக் காப்பது இயங்குதளக் கோப்புகளையே. நாம் எழுதிய கட்டுரைகளையும் சேர்த்த படங்களையும் அன்று. அவற்றை வேறொரு வட்டிற் படியெடுத்த பின்னரே புதுப்பித்தலைத் தொடங்குக.