பட்டென்று அணைந்துவிடும் மடிக்கணினி: கடைக்குப் போகும் முன் ஒரு பாடம்



அசைன்மென்ட் அனுப்ப இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கு. திரை பட்டென்று கறுத்துப் போகிறது. மறுபடி போட்டால் வருகிறது, பத்து நிமிடத்தில் மறுபடியும் போய்விடுகிறது. நம்மில் பலர் இதை அனுபவித்திருப்போம். உடனே 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். இல்லாவிட்டால் கடையில் கொண்டு போய்க் கொடுத்து, அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுகிறோம். கல்விக் கடனில் படிக்கிற மாணவருக்கு இரண்டுமே பெரிய இழப்பு.

இந்தப் பாடத்தின் கருத்து ஒன்றுதான். கணினி எப்போது அணைகிறது என்று கவனித்துவிட்டால், ஏன் அணைகிறது என்பது பாதி தெரிந்துவிடும். இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

கணினி போனால் எப்படியாவது இன்னொன்று வாங்கிக்கலாம். ஆறு மாதமாக எழுதிய ஆய்வறிக்கை போனால் யாரிடம் வாங்குவது? எனவே கணினி ஓடுகிற அந்தப் பத்து நிமிடத்தைச் சோதனைக்குச் செலவழிக்காதீர்கள். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ நகல் எடுங்கள். இந்த வாரம் தேவைப்படுவது முதலில், படங்களும் பாட்டும் அப்புறம்.

2. எப்படி அணைகிறது?

பிளக்கைப் பிடுங்கியது போல, எந்தச் செய்தியும் இல்லாமல் அணைந்தால் பெரும்பாலும் சூடு, பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். நீலத் திரை வந்து (புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் கறுப்புத் திரை), 'ஸ்டாப் கோட்' என்று ஏதோ காட்டிவிட்டுத் தானே மறுபடி தொடங்கினால், டிரைவர், ரேம், டிஸ்க் ஆகியவற்றைச் சந்தேகிக்கணும். 'பெரும்பாலும்' என்றுதான் சொல்கிறேன், விதிவிலக்கும் உண்டு.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டிப் பாருங்கள். எந்த நாளில் என்ன தவறு நடந்தது என்று சிவப்புக் குறியோடு ஒரு பட்டியல் வரும். ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைப் பார்த்துவிட்டு, 'பவர் சப்ளை போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது.

3. சூடா?

நம் ஊர் வெயிலில் மதிய நேரத்து அறை வெப்பம் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். கணினிக்குள் இருக்கும் காற்றாடி அந்த அறைக் காற்றை இழுத்துத்தான் புராசசரைக் குளிர வைக்கிறது. இன்டெல் புராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதை நெருங்கும்போது புராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், கருகிப் போகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஆக, அந்தத் திடீர் அணைப்பு ஒரு தற்காப்பு.

ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, சும்மா இருக்கும்போது எவ்வளவு, வீடியோ ஓடும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மெத்தை மேல் வைத்து ஒரு முறை, மேசை மேல் வைத்து ஒரு முறை பாருங்கள். பல கணினிகளில் காற்று இழுக்கும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. மெத்தையும் தலையணையும் அவற்றை அடைத்துவிடும்.

சில வருடம் ஆன கணினியில் தூசியும் சேர்ந்திருக்கும். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, காற்று அடிக்கும் டின்னால் துளைகளில் விட்டு விட்டு அடிக்கலாம். காற்றாடி வேகமாகச் சுற்றினால் கெட்டுப் போகலாம், அதனால் ஒரு பல்குச்சியால் அதைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புராசசர் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தால், அதை மாற்றும் வேலையைக் கடைக்காரரிடமே விடுங்கள்.

4. பேட்டரியா, சார்ஜரா?

சார்ஜர் மாட்டியிருந்தால் நன்றாக ஓடுகிறது, கழற்றினால் 30 விழுக்காடு காட்டும்போதே அணைகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். பழைய பேட்டரியில் உள்தடை கூடிவிடும். கணினி திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, எல்லைக்குக் கீழே போய்விடும். அவ்வளவுதான், கணினி அணைந்துவிடும்.

விண்டோஸிலேயே 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்க வசதி உண்டு. அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 50,000, இரண்டாவது 22,000 என்றால், உங்கள் பேட்டரியில் 44 விழுக்காடுதான் மிச்சம்.

சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள், சுமார் 65 வாட். நண்பரிடம் இரவல் வாங்கிய சார்ஜர் 45 வாட்தான் என்றால், கடினமான வேலையின்போது அது பற்றாமல் போகலாம். மீதியைப் பேட்டரி கொடுக்கணும். பேட்டரியும் பலவீனம் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள்.

5. நீலத் திரையா?

ஸ்டாப் கோடைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு 'கடைசியாக என்ன மாற்றினேன்?' என்று உங்களையே கேளுங்கள். புது ரேம், புது டிரைவர், புது மென்பொருள், எதுவானாலும் எழுதுங்கள். மென்பொருள் மட்டுமே இதைச் செய்ய முடியுமா என்று சந்தேகமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அந்தக் கணினிகளின் பாகங்களில் எந்தக் கோளாறும் இல்லை.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், சேஃப் மோடுக்குப் போகும் வழி கிடைக்கும். சேஃப் மோடில் நிலையாக ஓடினால் டிரைவர் அல்லது மென்பொருள் மேல் சந்தேகம் கூடுகிறது. அங்கேயும் விழுந்தால் ரேமையும் டிஸ்க்கையும் பாருங்கள். ரேமுக்கு விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக், டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இரண்டும் இலவசம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிக் கணினி சரியானால் நல்லதுதான். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறையும் முதலிலிருந்து தொடங்கணும்.

6. கடைக்காரருக்கு ஒரு சீட்டு

என் வகுப்புத் தோழி ஒருவரிடம் ஒரு கடையில் 'மதர்போர்டு மாத்தணும், 700 ரிங்கிட்' என்றார்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளாமல் மூன்று நாள் குறிப்பு எழுதினார். மொத்தம் ஏழு முறை அணைந்தது. ஏழும் மதியத்தில், கட்டிலில், ஆன்லைன் வகுப்பின்போது. ஏர்கோன் உள்ள நூலகத்தில் மேசை மேல் வைத்து வேலை செய்தபோது ஒரு முறைகூட அணையவில்லை. வெப்பத்தை அளந்தால் பத்து நிமிட வீடியோவில் 97 டிகிரி. தூசி எடுத்து, பேஸ்ட் மாற்ற 60 ரிங்கிட் ஆனது. அதே கணினியில்தான் இப்போது இறுதியாண்டு அறிக்கை எழுதுகிறார்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். 'அடிக்கடி ஆஃப் ஆகுது' என்ற ஒரு வரியைத்தான் அவரிடம் சொன்னோம். அவருடைய குளிர்ந்த கடையில் அது அணையவே இல்லை. பாவம், அவரும் ஊகித்தார். கோளாறு நடப்பது நம் அறையில். அதற்குச் சாட்சி நாம்தான்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு சீட்டு கொண்டு போங்கள். அணைந்த நாள், நேரம், அப்போது என்ன ஓடியது, சார்ஜர் மாட்டியிருந்ததா, எங்கே வைத்திருந்தோம், எத்தனை டிகிரி, திரையில் என்ன வந்தது என்று அதில் இருக்கட்டும். வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள், முதலில் அதன் நிபந்தனையைப் படியுங்கள்.

வீட்டுப் பாடம்

உங்கள் கணினி இன்று நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் இன்றே மூன்று வேலை செய்யுங்கள். கோப்புகளை நகல் எடுங்கள். பேட்டரி ரிப்போர்ட்டின் இரண்டு எண்களையும் எழுதுங்கள். சும்மா இருக்கும்போதும் வீடியோ ஓடும்போதும் வெப்பத்தைக் குறியுங்கள். நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் கையில் இருக்கும். முடித்தவர்கள் அடுத்த சந்திப்புக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். அம்மா, அப்பா, தம்பி, தங்கை கணினியையும் பார்த்து எழுதி வந்தால் இன்னும் நல்லது.