மலைத்தேனின் மணம் போகாமலிருக்க

கொல்லிமலையிலோ நீலகிரியிலோ ஆசையாக வாங்கிவந்த தேன், இரண்டே மாதத்தில் வெறும் இனிப்பாகிவிடுகிறதா?

1. வாங்கும்போதே மூடியைத் திறந்து முகருங்கள். பல பூக்களின் தேன் என்பதால் பருவத்துக்குப் பருவம் மணம் மாறும். நாவல் பூத்த காலத்துத் தேன் லேசாகக் கசக்கும்; அது கலப்படமல்ல, எனக்கு அதுதான் உயர்வு.

2. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக மூடுங்கள். தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் நுரைத்துப் புளிக்கும். ஈரக் கரண்டி வேண்டவே வேண்டாம்.

3. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் குளுக்கோஸ் சீக்கிரம் மணிமணியாக உறையும்.

4. உறைந்துவிட்டால் "சர்க்கரைப் பாகு" என்று கொட்டிவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். கை பொறுக்கும் வெந்நீரில் (40 டிகிரி போதும்) பாட்டிலை நிறுத்தி, அவ்வப்போது கிளறுங்கள். அடுப்பில் நேராக வைத்தால் மணம் ஆவியாகும், நொதிகள் அழியும், நிறம் கருக்கும்.

5. கொதிக்கும் டீயில் ஊற்றாதீர்கள். டம்ளரைப் பிடிக்க முடிகிற சூடு வரட்டும், பிறகு கலக்குங்கள்.

6. எறும்பு, தண்ணீர்ச் சோதனைகளை நம்பாதீர்கள். தேனைப் போலவே கெட்டியான பாகும் தண்ணீரின் அடியில்தான் தங்கும். சந்தேகமிருந்தால் ஆய்வகத்தில் கொடுங்கள்.

7. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் ஒரு துளிகூடத் தடவாதீர்கள். தேனிலிருக்கக்கூடிய நுண்கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கலாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.