புலமைக்குப் பரிசா, முன்பணமா?
அந்தமான் மொழிகள் தரும் படிப்பினை

கற்றறிந்தோரை ஆதரிக்க முன்வரும் இலக்கியச் சங்கம் தன் நிதியை இரு வழிகளில் செலவிடலாம். முடிந்த பணிக்குப் பரிசு வழங்கலாம். தொடங்கவிருக்கும் பணிக்கு உதவித்தொகை அளிக்கலாம். இரண்டும் ஒரே அறநோக்கின் இரு வடிவங்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. பொருளாதார நோக்கில் அவற்றிடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. பரிசு முறையில், பணி தோல்வியுற்றால் நேரும் நட்டம் முழுவதும் அறிஞரையே சாரும். உதவித்தொகை முறையில் அந்த நட்டத்தைச் சங்கம் ஏற்கிறது. எனவே சிக்கனம் விரும்பும் குழுக்கள் பரிசையே நாடுவதில் வியப்பில்லை.

தமிழுலகம் இரண்டையும் கண்டது. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தி, தேறியோருக்குப் பட்டமும் பரிசும் அளித்தது. அதே சங்கம், சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்து, அச்சேற்ற வழியின்றி வைத்திருந்த 'அபிதான சிந்தாமணி'யை 1910இல் வெளியிட்டது. முன்னது பரிசு, பின்னது முதலீடு. தேர்வில் வென்றோரின் பெயர்களை இன்று அறிந்தவர் சிலரே. அகராதியோ இன்றும் பயன்படுகிறது. ஆயினும் தமிழுக்குப் புலவரும், ஏடும், வாசகரும் முன்பே இருந்தனர். உதவி சிறிது தாமதித்தாலும் பணி காத்திருக்கும். எழுத்தே இல்லாத, பேசுவோரை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு மொழியின் நிலை என்ன? இக்கேள்விக்கு விடை காண அந்தமான் நிக்கோபார் தீவுகளைப்போல் பொருத்தமான இடம் நமது நாட்டில் வேறு இல்லை.

1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது பெரிய அந்தமானியர் பத்துப் பிரிவுகளாக, பத்து மொழிகளைப் பேசி வாழ்ந்தனர். குடியேற்றத்தோடு வந்த நோய்கள் அவர்களைச் சூறையாடின. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625ஆக இருந்த அவர்களது தொகை, 1961இல் 19ஆகக் குறைந்தது. எஞ்சியோர் பின்னர் ஸ்டிரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டனர்.

இம்மொழிகளை முதலில் பதிவு செய்தவர்கள் அதிகாரிகள். எட்வர்ட் ஹொரஸ் மேன், போர்ட்மன் ஆகிய இருவரும் தீவு நிர்வாகத்தில் பணியாற்றியவாறே சொற்பட்டியல்களையும் இலக்கணக் குறிப்புகளையும் தொகுத்தனர். அரசு ஊதியமே அவர்களுக்கு உதவித்தொகையாயிற்று எனலாம். (அந்த மக்களை அழிவுக்கு இட்டுச்சென்ற அதே நிர்வாகத்தின் ஊதியம் அது என்பதையும் மறப்பதற்கில்லை.)

வெளியிலிருந்து உதவித்தொகை பெற்று வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ராட்கிளிஃப் பிரவுன். டோரஸ் நீரிணை ஆய்வுப் பயணத்தில் பங்கேற்று, 1901இல் இளவயதிலேயே மறைந்த ஆண்டனி வில்கின் நினைவாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட அறக்கட்டளையின் துணையோடு அவர் 1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் ஆய்வு நடத்தினார். அவரது நூல் வெளிவந்தது 1922இல். நிதியாண்டு முடிவதற்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் நமது நடைமுறை அன்று இருந்திருப்பின், மானிடவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று 'நிலுவையிலுள்ள கணக்கு' என்ற தலைப்பின்கீழ் அடங்கியிருக்கும்!

அண்மைக்கால எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி, ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் ஆதரவில், 2001-02இல் அந்தமான் மொழிகளைப் பற்றி ஒரு முன்னோட்ட ஆய்வு நடத்தினார். எந்த மொழியை இன்னும் எத்தனை பேர் பேசுகின்றனர் என்பது இத்தகைய ஆய்வினாலேயே தெரியவரும். அது தெரியாமல் பெருந்தொகை கேட்க எவராலும் இயலாது. பின்னர் 2005இல், லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்கக் கல்லூரியில் அமைந்திருந்த அழியும் மொழிகள் ஆவணத் திட்டம், பெரிய அந்தமானிய மொழியைப் பதிவு செய்யப் பல்லாண்டு உதவித்தொகை வழங்கியது. பதிவுகளை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது அத்திட்டம் வலியுறுத்தும் நிபந்தனை. செலவுச் சீட்டுகளைவிட இதுவே சிறந்த பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது என் கருத்து.

அப்பணிக்குக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் போவா என்னும் மூதாட்டி. 'போ' மொழியை அறிந்த கடைசி மனிதர் அவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலிருந்து உயிர்தப்பிய அவர், 2010 ஜனவரி 26 அன்று காலமானார். 2012இல் அகராதியும் 2013இல் இலக்கணமும் வெளிவந்தன. 2013இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015இல் அமெரிக்க மொழியியல் சங்கம் கென்னத் ஹேல் விருதை அளித்தது. இரண்டும் தகுதியான பாராட்டுகளே. ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பரிசு மட்டுமே இருந்து, உதவித்தொகை ஐந்தாண்டு தாமதமாகியிருந்தால், பரிசுக்குரிய பணியில் 'போ' மொழிக்கு இடமே இருந்திராது.

இதனால் பரிசுகள் வீண் என்று கொள்ளலாகாது. எழுதுவோரும் படிப்போரும் உள்ள மொழிக்குப் பரிசு நல்ல தூண்டுகோலாகும். இதே யூனியன் பிரதேசத்தில் நிக்கோபாரி மொழி பல்லாயிரவரால் பேசப்படுகிறது. அம்மொழியினரான ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தை மொழிபெயர்த்தார். ரோமன் எழுத்தில் அம்மொழி எழுதப்படுகிறது. அங்கே ஆண்டுக்கொரு பரிசு பல கையெழுத்துப் படிகளை வெளிக்கொணரக்கூடும். தடை வேறிடத்தில் உள்ளது. சாகித்திய அகாதெமியின் ஆண்டு விருது, அது ஏற்றுள்ள 24 மொழிகளில் அச்சான நூல்களுக்கே உரியது; நிக்கோபாரி அப்பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியிலுள்ள மொழிகளுக்கும் தொண்டாற்றுவோருக்காக 1996இல் ஏற்படுத்தப்பட்ட பாஷா சம்மான் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் அதுவும் செய்து முடித்த தொண்டுக்கே உரியது.

10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தின் வழியே மத்திய அரசு 2013இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களைக் கையாளும் அலுவலர்கள் நிதியாண்டின் கணக்கோடு கடலின் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சிறு தீவுகளுக்குக் கப்பற் பயணம் நிச்சயமற்றதாகிவிடும். பழங்குடியினர் பகுதிக்குள் செல்ல 1956ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி தனி அனுமதியும் தேவை. மார்ச் இறுதியில் ஒப்புதலாகும் தொகை, அனுமதி கிடைக்கும்போது மழையில் சிக்கும். இவ்வாறு தேங்கிய கோப்புகள் என் பணிக்காலத்தில் என் மேசையையும் கடந்து சென்றதுண்டு. அவற்றுள் ஒன்றில், பேச வேண்டிய முதியவர் மறைந்துவிட்டதால் தொகையைத் திருப்பிச் செலுத்துவதாக ஆய்வாளர் எழுதியிருந்தார். கணக்குத் தணிக்கையில் அக்கோப்பு மிகவும் ஒழுங்கானதெனப் பாராட்டப்பட்டது.

இன்னொன்றையும் விதிகளில் சேர்க்கலாம். பரிசாயினும் உதவித்தொகையாயினும் நமது விதிகளில் பெறுபவர் ஆய்வாளரே. ஆய்வாளரோடு பல மாதங்கள் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லும் முதியவருக்கான ஊதியம் பெரும்பாலும் 'இதரச் செலவுகள்' என்பதில் அடங்கிவிடுகிறது. அதற்குத் தனித் தலைப்பு ஒதுக்கப் புதிய நிதி தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி போதும்.