பயிருக்கு நாள் கணக்கு, பத்திரத்துக்கு மாதக் கணக்கு

"இன்று விதைத்தால் என்று அறுக்கலாம்?" என்ற கேள்விக்கு நம்மில் பலர் விரல்விட்டு எண்ணியே பதில் சொல்லிவிடுகிறோம். மூன்றரை மாத நெல் என்றால் மூன்று மாதமும் பதினைந்து நாளும் கூட்டிக் கொள்கிறோம். இந்தக் கணக்கு சில நாட்கள் முன்பின்னாகப் போனாலும் சாதாரணக் காலத்தில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் குறுவை அறுவடையில், அந்தச் சில நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு சென்றால், வழக்கமான 17 சத ஈரப்பத வரம்புக்கு மேல் இருப்பதால் திருப்பி அனுப்பப்படவும் கூடும். எனவே நாளைச் சரியாகக் கணக்கிடும் முறையைத் தெரிந்து கொள்வது நல்லது.

மாதம் என்பது ஒரே அளவல்ல

ஆங்கில மாதங்களில் 28 நாளும் உண்டு, 31 நாளும் உண்டு. ஜூன் 15-லிருந்து நான்கு மாதம் கூட்டினால் அக்டோபர் 15. இடையில் 122 நாட்கள். நவம்பர் 1-லிருந்து நான்கு மாதம் கூட்டினால் மார்ச் 1. இடையில் 120 நாட்களே.

தமிழ் மாதங்களில் வேறுபாடு இன்னும் அதிகம். ஆனி பெரும்பாலும் 32 நாள், மார்கழி பெரும்பாலும் 29 நாள். ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் சேர்ந்து சுமார் 94 நாட்கள். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் சேர்ந்து சுமார் 88 நாட்கள். இரண்டையும் நாம் "மூன்று மாதம்" என்றே சொல்கிறோம்; ஆறு நாள் வித்தியாசம்! ஆகவே பயிரின் வயதை நாளாகவே எண்ண வேண்டும்.

எண்ண வேண்டிய முறை

ஒவ்வொரு மாதமும் தொடங்குவதற்கு முன் அந்த ஆண்டில் கழிந்த நாட்கள் கீழே தரப்பட்டுள்ளன. இதனைப் படியெடுத்து நாட்காட்டியின் பின்புறம் ஒட்டி வைத்துக் கொள்ளவும்.

ஜனவரி – 0
பிப்ரவரி – 31
மார்ச் – 59
ஏப்ரல் – 90
மே – 120
ஜூன் – 151
ஜூலை – 181
ஆகஸ்ட் – 212
செப்டம்பர் – 243
அக்டோபர் – 273
நவம்பர் – 304
டிசம்பர் – 334

2028 போன்ற லீப் ஆண்டில் மார்ச் முதல் எல்லா எண்களுடனும் ஒன்று கூட்ட வேண்டும்.

உதாரணமாக, 110 நாள் வயதுடைய ஆடுதுறை 43 இரகத்தை ஜூன் 15-ல் நாற்றங்காலில் விதைப்பதாகக் கொள்வோம். ஜூனுக்கு உரிய 151-உடன் 15 கூட்டினால் 166. அதனுடன் 110 கூட்டினால் 276. பட்டியலில் 276-க்குள் அடங்கும் பெரிய எண் 273, அதாவது அக்டோபர். மீதி 3. எனவே அறுவடை அக்டோபர் 3 வாக்கில் வரும்.

இதே விதையை ஜூலை 1-ல் விட்டால் அக்டோபர் 19. ஜூலை 15-ல் விட்டால் நவம்பர் 2. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. விதைப்பு எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதை இக்கணக்கே காட்டிவிடும்.

கூட்டிய தொகை 365-க்கு மேல் போனால் 365-ஐக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டில் எண்ண வேண்டும். 155 நாள் சம்பா இரகத்தை ஆகஸ்ட் 10-ல் விதைத்தால் 222-உடன் 155 சேர்ந்து 377. அதில் 365 போக மீதி 12. பொங்கலுக்கு முன், ஜனவரி 12-ல் அறுக்கலாம். நெல் தரிசில் உளுந்து தெளிப்பவர்கள் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்பு, அதாவது ஜனவரி 2 முதல் 5-க்குள், விதையைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

எந்த நாளிலிருந்து?

இங்குதான் பலர் தவறுகிறார்கள். இரகத்தின் வயது நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நட்ட நாளிலிருந்து அல்ல. மேற்சொன்ன ஜூன் 15 நாற்றை ஜூலை 8-ல் நட்டுவிட்டு, அன்றிலிருந்து 110 நாள் எண்ணினால் அக்டோபர் 26 வரும். வயலோ அக்டோபர் 3-லேயே முற்றிவிடும். 23 நாள் காத்திருந்தால் மணி உதிரும், அரவையில் அரிசி நொறுங்கும், மழையிலும் அகப்படும்.

பின்னோக்கியும் எண்ணலாம்

அறுவடை நாளிலிருந்து 30 நாள் கழித்தால் பூக்கும் தருணம். அதிலிருந்து மேலும் 35 நாள் கழித்தால் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும் தருணம். அக்டோபர் 3 அறுவடைக்கு இவை முறையே செப்டம்பர் 3, ஜூலை 30 என்று அமைகின்றன. கதிர் உருவாகும் சமயத்தில் இட வேண்டிய தழைச்சத்து உரத்தை முன்னதாகவே வாங்கி வைக்கலாம். அறுவடைக்குப் பத்து நாள் முன், செப்டம்பர் 23-ல், நீரை வடிக்கலாம்.

மாதமாகவே கூட்ட வேண்டியவை

சில இடங்களில் மாதக் கணக்கே செல்லும். சான்று விதைப் பையின் நீல அட்டை, பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் செல்லுபடியாகும். இதற்கு மாத எண்ணுடன் ஒன்பதைக் கூட்டி, 12-க்கு மேல் போனால் 12-ஐக் கழித்து, ஆண்டை ஒன்று ஏற்றவும். தேதியை மாற்ற வேண்டாம். 14.10.2025-ல் பரிசோதித்த விதைக்கு 10-உடன் 9 சேர்ந்து 19, அதில் 12 போக 7. ஆக 14.7.2026 வரை செல்லும்.

அந்த மாதத்தில் அந்தத் தேதியே இல்லாவிட்டால் மாதக் கடைசி நாளை எடுத்துக் கொள்ளவும். 31.5.2025-லிருந்து ஒன்பது மாதம் என்றால் 28.2.2026. எனினும் அட்டையில் அச்சிட்ட நாளே முடிவானது. நம் கணக்கு சரிபார்க்கவே.

பயிர்க் கடனுக்கும் இப்படியே. சங்கத்தார் குறித்த தவணை நாளை அறுவடை நாளுடன் இப்போதே ஒப்பிட்டுப் பார்க்கவும். தவணை முந்தினால் பணத்துக்கு வழி தேட அவகாசம் இருக்கும்; ஒரு நாள் பிந்தினாலும் வட்டிச் சலுகை கைநழுவும்.

முடிவாக

நாம் கணக்கிட்ட நாள் திட்டமிடுவதற்கே. கதிரில் 80 சத மணிகள் வைக்கோல் நிறமாக மாறிவிட்டனவா என்று வயலில் இறங்கிப் பார்த்த பின்பே அரிவாளையோ இயந்திரத்தையோ அழைக்க வேண்டும். ஆனால் இயந்திரத்துக்குச் சொல்லி வைக்கவும், களத்தைச் சீர் செய்யவும், சாக்கும் தார்ப்பாயும் சேர்க்கவும் முன்கூட்டியே நாள் தெரிய வேண்டும். இந்தப் பருவத்தில் விதை விடும் அன்றே அந்தத் தேதியையும், அறுவடைத் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைத்துப் பயன் பெறுங்கள்.