கட்டளையைத் தேடும் சில்லு

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜனை எழுத்தாளர் சுஜாதாவாக நீங்கள் அறிவீர்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளரான அவர், மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவர். அந்த எந்திரத்தினுள் இருப்பதும் ஒரே வேலைக்கென அமைந்த ஒரு சிறு கணிப்பொறிதான். நாடே நம்பும் அத்தகைய சில்லு, கட்டளைகளை எப்படி ஒவ்வொன்றாக எடுக்கிறது? இதைக் கண்ணால் பார்க்கலாம், வாருங்கள்!

இன்றைய செயலிகள் இதற்கு உதவா. அவற்றின் வேகம் மிக அதிகம். 1976-இல் வெளிவந்த இசட்-80 நுண்செயலியே ஏற்றது. இதன் உற்பத்தி 2024-இல் நின்றுவிட்டது. பழைய மின்சுற்றுப் பலகைகளில் தேடுங்கள். 'இசட் 84 சி 00' எனப் பொறித்த வகையே வேண்டும். அதைத்தான் எவ்வளவு மெதுவாகவும் இயக்கலாம்.

செய்முறை

1. 11-ஆம் காலுக்கு 5 வோல்ட் நேர்முனை. 29-ஆம் காலுக்கு எதிர்முனை. மாற்றி இணைத்தால் சில்லு கெட்டுவிடும்.

2. 16, 17, 24, 25 ஆகிய கால்களை நேர்முனையுடன் இணையுங்கள்.

3. தரவுக் கால்கள் எட்டையும் (7, 8, 9, 10, 12, 13, 14, 15) தனித்தனி 1 கிலோ ஓம் மின்தடை வழியே எதிர்முனையுடன் இணையுங்கள்.

4. 26-ஆம் காலை 10 கிலோ ஓம் வழியே நேர்முனையுடனும், ஓர் அழுத்து பொத்தான் வழியே எதிர்முனையுடனும் இணையுங்கள்.

5. 7555 சில்லைக் கொண்டு வினாடிக்கு 4 துடிப்புகளை 6-ஆம் காலுக்குக் கொடுங்கள்.

6. 30 முதல் 33 வரையுள்ள முகவரிக் கால்களில், 1 கிலோ ஓம் மின்தடையுடன் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துங்கள்.

பொத்தானை இரண்டு வினாடி அழுத்தி விடுங்கள். சற்று நேரத்தில் விளக்குகள் 0000, 0001, 0010 என்று இரும எண்களில் எண்ணத் தொடங்கும்!

காரணம் என்ன? செயலி ஒரு முகவரியைக் காட்டி, "இங்குள்ள கட்டளை என்ன?" என்று கேட்கிறது. தரவுக் கால்கள் எல்லாம் எதிர்முனையில் இருப்பதால் விடை எப்போதும் 0. இசட்-80-இன் மொழியில் 0 என்றால் "எதுவும் செய்யாமல் அடுத்ததற்குப் போ". இதற்கு 4 துடிப்புகள் தேவை. ஆகவே வினாடிக்கு ஒரு முகவரி.

அந்த எட்டு மின்தடைகளுக்குப் பதிலாக, கட்டளைகள் பதிந்த நினைவகச் சில்லை வைத்தால் அதுவே கணிப்பொறியின் தொடக்கம். 

சிந்திக்க: இசட்-80-க்கு முகவரிக் கால்கள் 16. இதே வேகத்தில் எல்லா முகவரிகளையும் கடக்க எவ்வளவு நேரமாகும்?

(விடை: 65,536 வினாடி, அதாவது 18 மணி 12 நிமிடம் 16 வினாடி.)